ஐந்தாவது பெயர்

அனிஸ்டனில் மூன்று வங்கிகள்
என் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தன.
ஐந்நூற்றுப் பதினொன்று.
பள்ளியில்கூட இவ்வளவு மதிப்பெண் வாங்கியதில்லை என்றேன்.
மேசைக்கு அப்பால் இருந்தவன் சிரிக்கவில்லை.

நாலாவது வாசலில் மஞ்சள் பலூன் ஆடிக்கொண்டிருந்தது.
உள்ளே காப்பி இலவசம்.
ஊதா நகம் பூசிய ஜாலிசா
ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:
"கார் உங்கள் பேரில்தானே?"

கார் என் பேரில்தான்.
இருபது வயது ப்யூக்,
இடப்பக்கக் கண்ணாடியை ஒட்டுநாடா பிடித்திருக்கிறது.
முதியோர் இல்லத்தின் சலவை அறைக்கு
இரவு பத்துக்கு என்னைக் கொண்டுபோய்
விடியலில் கொண்டுவந்து போடும்.
அந்நேரத்துக்கு எங்கள் ஊரில்
பேருந்து என்பது வெறும் சொல்.

அறுநூறு டாலர்.
மகனின் கடைவாய்ப் பல்லுக்கு நானூற்று இருபது,
மிச்சம் மின்சாரத்துக்கு.
வட்டி மாதம் நூற்றைம்பது.
"அசலை முடிகிறபோது கொடுங்கள்" என்றாள்
அவசரமே இல்லாத குரலில்.
அந்தக் குரலுக்குத்தான் நான் பயந்திருக்க வேண்டும்.

மாற்றுச் சாவியை வாங்கிப் பின்சுவரில் மாட்டினாள்.
சுவர் முழுக்க ஆணி, ஆணிதோறும் சாவி.
யாருடையதோ ஒன்றில்
பால்பல் அளவுக்கு ஒரு சிவப்பு மீன் தொங்கியது.

பிறகு படிவம்.
உங்களைத் தெரிந்த ஐந்து பேர், தொலைபேசி எண்ணோடு.
நான் இன்னும் கைமாற்று கேட்டிராதவர்கள்
நாலு பேர்தான்.
ஐந்தாவதாக ரூஃபஸ் என்று எழுதினேன்.
உறவு: தம்பி.
தொழில்: கூரை வேலை.
உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வங்கிக் கணக்குத் தாளில் ஊதா நகம் ஒரு வரியில் நின்றது.
"மாதாமாதம் பதினைந்து டாலர்,
இன்னொரு போன் எதற்கு?
இதை நிறுத்தினாலே
வட்டியில் பத்தில் ஒரு பங்கு வந்துவிடுமே."
கணக்கு சரி.
நான் காப்பியைக் குடித்தேன்.

வட்டி குட்டி போட்டது,
குட்டி நடக்கப் பழகியது.
ஐந்து மாதத்தில் எழுநூற்றைம்பது கட்டியும்
அறுநூறு அறுநூறாகவே உட்கார்ந்திருந்தது,
விருந்துக்கு வந்து திரும்பிப் போகாத மைத்துனன் மாதிரி
சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல்.

ஆறாம் மாதம் எனக்குக் காய்ச்சல்.
நாலு இரவுக் கூலி போயிற்று.
பதினோராம் நாள் ஐந்து பேரையும் அழைத்திருக்கிறார்கள்.
தேவாலயத்தில் பக்கத்தில் உட்காரும் மேவிஸ்
எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னாளாம்.
முதல் கணவன் சிரித்தானாம்.
மற்ற இருவர் இன்றுவரை என்னிடம் எதுவும் சொல்லவில்லை,
என்னைப் பார்த்தால் பையைத் தோளில் இறுக்கிக்கொள்கிறார்கள்.
ரூஃபஸ் எடுக்கவில்லை.
எடுக்காதபோது சொல்வதைச் சொன்னான்:

"கூரைமேல் இருக்கேன். இறங்கினதும் கூப்பிடறேன்."

அந்த நாலு சொல்லுக்குத்தான் பதினைந்து டாலர்.

ஞாயிறன்று இழுப்பறையிலிருந்து அவன் போனை எடுத்தேன்.
ஜாலிசா பேசியிருந்தாள்.
"உங்கள் அக்கா பதினொரு நாள் தாமதம்.
வண்டியை எடுக்க வேண்டியிருக்கும், சொல்லிவிடுங்கள்."
எழுதிவைத்ததைப் படிக்கிற குரல்.
அப்புறம் வைக்க மறந்துவிட்டாள்.
நாற்காலி நகர்ந்தது. பலூன் எதிலோ உரசியது.
வேறொரு போனில், வேறொரு குரலில்,
"வெள்ளிக்கிழமை கண்டிப்பா தந்துடறேன் சார்,
சம்பளம் வரட்டும்,
அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணாதீங்க."

அந்தச் செய்தியை அழிக்க விரல் போனது, அழிக்கவில்லை.
யாருக்கு எதிராக அதை வைத்திருக்கிறேன் என்று
எனக்கே தெரியாது.

செவ்வாய் விடியலில் சலவை அறையை விட்டு வெளியே வந்தேன்.
மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது.
கார் நின்ற இடம் மட்டும்
காரின் அளவுக்குக் காய்ந்திருந்தது,
அதிலும் முதல் புள்ளிகள் விழத் தொடங்கியிருந்தன.
இப்போதுதான் போயிருக்கிறார்கள்.
மாற்றுச் சாவிக்குச் சத்தமே இல்லை.

வீட்டுக்கு ஏழு மைல்.
இரண்டாவது மைலில் ரூஃபஸைக் கூப்பிட்டேன்.
கூரைமேல் இருந்தான்.